கொரியாக்காரர் பிள்ளைக்கு ஒரு முதுகுத்துணி

1

இந்த மாதத்தோடு நான் பினாங்குக்கு வந்து ஏழு வருடம் முடிகிறது. நானாக எண்ணிப் பார்த்துச் சொல்லவில்லை. பெர்மிட் புதுப்பிக்கப் போன இடத்தில் தாளில் எழுதியிருந்தது. கவுண்டரில் இருந்த பெண் "செபஸ்தியான்!" என்று கூப்பிட்டாள். நான் எழுந்து போனேன்.

செபஸ்தியான் என் அப்பா. பாஸ்போர்ட் எடுத்தபோது அப்பா பெயரைக் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் போட்டுவிட்டார்கள். மணப்பாறைப் பக்கம் ஒரு செங்கல் சூளையில் உழைத்து, கடலைக் கண்ணால் பார்க்காமலே செத்துப்போனவர் அவர். தாள்களின்படி ஏழு வருடமாக இந்தத் தீவில் வீட்டு வேலை செய்துகொண்டிருப்பது அவர்தான். ஒவ்வொரு வருடமும் மருத்துவப் பரிசோதனையில் சிறுநீரைப் பார்த்து, செபஸ்தியானுக்குக் கர்ப்பம் இல்லை என்று முத்திரை குத்தித் தருகிறார்கள். இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

என் பெயர் ஸ்டெல்லா. வீட்டுக்காரர் லாரி மோதி இறந்தபோது மகள் ஜெனிக்கு ஐந்து மாதம். அவளுக்குப் பதினோரு மாதம் ஆனபோது அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு இங்கே வந்தேன். முதல் ஐந்து வருடம் ஜார்ஜ்டவுனில் ஒரு சீனப் பாட்டியைப் பார்த்துக்கொண்டேன். அவர் இறந்ததும், இங்கே வேலை பார்த்துக்கொடுக்கும் ஏஜென்ட் அக்கா என்னை ஒரு கொரியாக்காரர் வீட்டுக்கு மாற்றிவிட்டார். நான் எழுத வந்தது அந்த வீட்டைப் பற்றி. அங்கே ஒரு துணியைத் தேர்ந்தெடுத்தேன். அதைப் பற்றி.

2

கடலைப் பார்த்த அடுக்குமாடியில் பதினாறாவது மாடி. சார் பாலம் தாண்டி ஜூருவில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளர். மேடம் வீட்டிலிருந்தே கணினியில் மொழிபெயர்ப்பு வேலை செய்வார். நான் போய்ச் சேர்ந்தபோது மேடம் நிறைமாதம். பிள்ளை பிறந்து ஜிஹோ என்று பெயர் வைத்தார்கள். மேடத்துக்கும் எனக்கும் நடுவில் பாதி ஆங்கிலம், கொஞ்சம் மலாய், மீதி கையால் காட்டுவது. அவர் சொன்னதையெல்லாம் இங்கே தமிழாக்கி எழுதுகிறேன்.

ஜிஹோவுக்குக் கழுத்து நின்ற பிறகு, ஐந்தாம் மாதத்தில் ஒரு நாள், மேடம் மூன்று துணிகளைக் கட்டில்மேல் பரப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இதில் ஒன்றை நீ தேர்ந்தெடு. தூக்கப்போவது நீதானே."

நான் நின்றேன். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து எதையாவது தேர்ந்தெடு என்று என்னிடம் யாரும் சொன்னதில்லை. படுக்கும் அறை, ஞாயிறு விடுமுறை, சோப்பின் வகை எல்லாம் எனக்கு முன்பே முடிவாகியிருக்கும்.

"இதற்கு என்ன பெயர் மேடம்?"

"பொதேகி."

எனக்கு அது பொதிகை என்று காதில் விழுந்தது. கடைசி வரை நான் பொதிகை என்றேதான் சொன்னேன். மலையின் பெயர் அது என்று சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. பிறகு மேடமும் என்னிடம் பேசும்போது பொதிகை என்றே சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

கொரியாவில் பிள்ளைகளை முதுகில் வைத்து இந்தத் துணியால் சுற்றிக் கட்டுவார்களாம். அகலமான போர்வை மாதிரி ஒரு பகுதி, அதன் மேல் விளிம்பில் இரண்டு பக்கமும் நீளமான பட்டைகள். போர்வை பிள்ளையைச் சுற்றி வரும். பட்டைகளை முன்னால் கொண்டுவந்து நம் நெஞ்சின் குறுக்கே போட்டு, திரும்பப் பின்னால் கொண்டுபோய்ப் பிள்ளையின் பிட்டத்துக்கு அடியில் தாங்கி, மறுபடி முன்னால் இழுத்து இடுப்பில் முடிச்சுப் போட வேண்டும்.

மூன்றில் ஒன்று பஞ்சு வைத்துத் தைத்தது. மேடத்தின் அம்மா அனுப்பியது. தொட்டுப் பார்க்கும்போதே வியர்த்தது. இரண்டாவது வலைத்துணி. அதில் பள்ளிக்கூடப் பை மாதிரி தோளில் மாட்டும் வார்கள், இடுப்பில் கொக்கி. மூன்றாவது மெல்லிய பருத்தி. ஆனால் பட்டைகள் ஒல்லியான ஆளுக்கு அளவெடுத்த மாதிரி குட்டையாக இருந்தன.

மேடம் முதலில் பஞ்சுத் துணியை எனக்குக் கட்டிவிட்டார். நான் குனிந்து நின்றேன், அவர் பிள்ளையை என் முதுகில் வைத்துப் பட்டையை நெஞ்சின் குறுக்கே இழுத்து இறுக்கினார்.

எனக்கு மூச்சு நின்றது.

"இறுக்கமா?"

"இல்ல மேடம். ஓகே."

ஓகே இல்லை. ஊரை விட்டுக் கிளம்பும்போது ஜெனி பால் குடித்துக்கொண்டிருந்தாள். பால் வற்றிய பிறகு வந்தால்தான் பரிசோதனையில் தொந்தரவு இருக்காது என்று திருச்சி ஏஜென்ட் சொல்லியிருந்தார். அண்ணி என் மார்பில் மல்லிகைப் பூவை வைத்து, பழைய சேலையைக் கிழித்து, இதே இடத்தில் குறுக்கே கட்டினார். பூ வைத்துக் கட்டினால் பால் சுண்டிவிடும் என்பார்கள். நான்கு நாள் கட்டியிருந்தேன். அடுத்த அறையில் ஜெனி அழுவாள். அவள் அழ அழப் பால் ஊறிக் கட்டு நனையும். அண்ணி அவிழ்த்து வேறு துணி கட்டுவார். "பல்லைக் கடிச்சுக்கோ ஸ்டெல்லா. அவ பழகிருவா" என்று சொல்லிக்கொண்டே அவரும் அழுவார்.

நான் மேடத்திடம் வலைத்துணியைக் காட்டி, "இதுதான் நல்லது, சூடு இருக்காது" என்றேன். நெஞ்சில் எதுவும் படாத துணி அது ஒன்றுதான்.

3

வலைத்துணி பத்து நாள்கூட ஓடவில்லை. தோள் வாரில் பிள்ளை என் முதுகிலிருந்து விலகியே தொங்கினான். கால்கள் ஆடின. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சிணுங்கினான். மேடம் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு மூடிக்கொள்வார். ஒரு நாள் சும்மா பார்ப்போமே என்று பஞ்சுத் துணியைக் கட்டினேன். பிள்ளையின் காது என் முதுகெலும்பில் பதிந்தது. இரண்டு முறை பெருமூச்சு விட்டான், தூங்கிவிட்டான். ஒரு மணி நேரம் கழித்து அவிழ்த்தபோது அவன் கழுத்தெல்லாம் வேர்க்குரு.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் தமிழ்ப் பூசை முடிந்து மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் நான் வழக்கமாகப் போகும் துணிக்கடைக்குப் போனேன். கடைக்காரர் தமிழ் முஸ்லிம். அவருடைய தாத்தா காலத்திலேயே இங்கே வந்துவிட்டவர்கள். நான் அண்ணே என்று கூப்பிடுவேன். இந்த ஊர்க்காரர்கள் எல்லாரையும் போலப் பேச்சின் கடைசியில் லா சேர்ப்பார். குட்டைப் பட்டைத் துணியை அவரிடம் காட்டி, இதே மாதிரி, ஆனால் பட்டை ஒன்றரை மடங்கு நீளமாக வேண்டும் என்றேன்.

"என்னாமா இது? ஏப்ரனா?"

"பிள்ளைய முதுகுல கட்டுறதுண்ணே."

"முதுகுலயா? நம்ம ஆளுங்க பார்த்தா சிரிப்பாங்க லா."

"நம்ம பிள்ளை இல்லண்ணே. கொரியாக்காரங்க பிள்ளை."

அவர் பருத்தித் துணிகளை எடுத்துப் போட்டார். ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தேன். முகத்தில் வைத்து ஊதிப் பார்த்தேன். காற்று போக வேண்டும், இழுத்தால் நெகிழக் கூடாது, கழுவினால் சாயம் போகக் கூடாது, ஏனென்றால் பிள்ளை வாயில் வைத்துச் சப்புவான். அரை மணி நேரம் அவரைப் படுத்தியிருப்பேன்.

"பெத்தவ மாதிரி பார்க்குறியே" என்றார். அப்புறம் கேட்டார்: "உன் பிள்ளைக்கு இப்ப எத்தனை வயசு?"

"ஏழு ஆகப் போகுதுண்ணே."

"ஊர்லயா?"

"ஊர்ல."

அவர் துணியை மடித்து எடுத்துக்கொண்டார். கடை மாடியில் தைக்கும் அக்காவைக் கூப்பிட்டு, "பட்டைய ரெண்டு தையல் போட்டு அடிங்க, பிள்ளை பாரம் தாங்கணும்" என்றார். நீல நிறத்தில் சின்னக் கட்டம் போட்ட துணி. மேடத்துக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. "இதுதான் பொதிகை!" என்று கைதட்டினார்.

என் நெஞ்சுக்குப் பிடிக்காததை அவன் தூக்கத்துக்காகத் தேர்ந்தெடுத்தேன். முதல் சில வாரங்கள் பட்டையை இழுத்துக் கட்டும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வேன். பிறகு பழகிவிட்டது. பழகாததென்று ஒன்றும் இல்லை, அதுதான் வாழ்க்கையில் மிகவும் மோசமான விஷயம் என்று எனக்குத் தோன்றுகிறது.

4

காலையில் சார் கிளம்பியதும் கட்டினால் மத்தியானம் வரை அவன் என் முதுகில்தான். பாத்திரம் கழுவுவேன், துணி மடிப்பேன், சந்தைக்குப் போய் மீன் வாங்குவேன். மீன்காரர் "தங்கச்சி, உன் முதுகில் என்ன மூட்டை?" என்று மலாயில் கேலி பண்ணுவார். கட்டச் சொல்லும்போது மேடம் "ஒபுபா" என்பார். பிள்ளையை முதுகுக்குக் கூப்பிடும் கொரியச் சொல் அது. ஒபுபா என்றாலே ஜிஹோ ஊர்ந்து வந்து என் முதுகைப் பிடித்துக்கொள்வான்.

அவனுக்கு ஒரு வயது முடிந்த சமயம். நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னாலிருந்து தெளிவாகக் கேட்டது.

"அம்மா."

கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். கொரிய மொழியிலும் அம்மாவுக்கு ஏறக்குறைய அதே சத்தம்தான். அப்பாவுக்கு அச்சு அசலாக அப்பா. அது எனக்கு முன்பே தெரியும். தெரிந்திருந்தும் கத்தியை மறுபடி எடுக்கத் தோன்றவில்லை.

மேடம் அறையிலிருந்து ஓடிவந்தார். போனில் படம் எடுத்துக்கொண்டே, "இங்கே! அம்மா இங்கே இருக்கிறேன்!" என்று கொரிய மொழியில் சொல்லி, கையை நீட்டினார். ஜிஹோ அவரைப் பார்த்தான். பிறகு முகத்தைத் திருப்பி என் முதுகில் புதைத்துக்கொண்டு இன்னொரு முறை சொன்னான்.

"அம்மா."

மேடம் சிரித்தார். போனைத் தாழ்த்தினார். சிரிப்பு கொஞ்ச நேரம் முகத்திலேயே நின்றது.

அன்று சாயங்காலம் சொன்னார்: "ஸ்டெல்லா, நாளையிலிருந்து அவனிடம் உன்னை இமோ என்று சொல். இமோ என்றால் சித்தி." கோபமில்லாமல்தான் சொன்னார். கெஞ்சுவது மாதிரி இருந்தது.

மறுநாளிலிருந்து நான் என் நெஞ்சில் தட்டித் தட்டி "இமோ, இமோ" என்று சொல்லிக்கொடுத்தேன். மேடத்தைக் காட்டி "அம்மா" என்றேன். இந்தப் பாடம் எனக்குப் புதிதில்லை. மூன்று வருடத்துக்கு முன் ஒரே ஒரு முறை விடுமுறையில் ஊருக்குப் போனபோது, ஜெனி அண்ணியின் சேலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அண்ணி என்னைக் காட்டி இதேபோல் சொல்லிக்கொடுத்தார்: "அம்மா பாரு, அம்மாகிட்ட போ." அண்ணனின் இரண்டு பையன்களும் அண்ணியை அம்மா என்று கூப்பிடுவதைக் கேட்டு அவளும் அப்படியே கூப்பிட்டுப் பழகியிருந்தாள். நான் பினாங்கு அம்மா.

5

அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேடமும் சாரும் வெளியே போக வேண்டியிருந்ததால் நான் விடுமுறை எடுக்கவில்லை. ஜெனியோடு வீடியோவில் பேசும் நேரம். ஜிஹோ முதுகில் தூங்கிக்கொண்டிருந்தான். போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் பேசினேன்.

"யாருது அது, பின்னாடி?" என்றாள் ஜெனி.

"ஜிஹோ. இந்த வீட்டுப் பாப்பா."

"எப்பவும் அப்படியே கட்டிக்கிட்டு இருப்பீங்களா?"

"மத்தியானம் வரைக்கும்."

அவள் யோசித்தாள். "என்னை இப்படிக் கட்டித் தூக்குனீங்களா?"

"உன்னை இடுப்புல தூக்குவேன். இந்தத் துணி அப்ப நமக்குத் தெரியாதுல்ல."

"எத்தனை மாசம் வரைக்கும்?"

"பதினோரு மாசம்."

"இந்தப் பாப்பாவுக்கு இப்ப எத்தனை மாசம்?"

பொய் சொல்லியிருக்கலாம். வாயில் வந்துவிட்டது. "பதினாலு."

ஜெனி கணக்கில் கெட்டிக்காரி. ஒரு நொடிகூட ஆகியிருக்காது. "ஓ" என்றாள். பிறகு, "எனக்கு ஹோம்வொர்க் இருக்கு" என்றாள். திரையில் அண்ணன் வீட்டுச் சுவரும் காலண்டரும் மட்டும் இருந்தன. அழைப்பைத் துண்டிக்க அவள் மறந்துவிட்டாள். கொஞ்ச நேரம் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே பையன்களோடு அவள் ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது.

6

அந்த வாரமே மேடம் பொதிகையைத் தானே கட்டப் போவதாகச் சொன்னார். கட்டினார். முடிச்சு நழுவியது. பிள்ளை ஒரு பக்கம் சரிந்து வீறிட்டான். நான் ஓடிப் போய்த் தாங்கினேன். அவன் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவில்லை. மேடம் துணியோடு தரையில் உட்கார்ந்து அழுதார்.

"என் அம்மா என்னை இப்படித்தான் வளர்த்தார். எனக்கு வரவில்லை."

அவரைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருக்கவில்லை. பாவமாக இருந்தது. தன் பிள்ளை அடுத்த அறையில் அழுவதைக் கேட்டுக்கொண்டு கதவை மூடி உட்கார்ந்திருப்பவள் எப்படி இருப்பாள் என்று எனக்குத் தெரியும். மேடத்துக்கு இன்னும் காலம் இருக்கிறது என்று நினைத்தேன்.

"எழுந்திருங்க மேடம். நான் காட்டுறேன்."

இரண்டு வாரம் சொல்லிக்கொடுத்தேன். முதலில் நன்றாகக் குனிய வேண்டும். பிள்ளையின் அக்குளுக்குக் கீழே துணி வர வேண்டும். பட்டையை நெஞ்சின் குறுக்கே இழுக்கும்போது மூச்சை வெளியே விட வேண்டும், உள்ளே இழுத்துக்கொண்டு கட்டினால் பிறகு தளர்ந்துவிடும். பிள்ளை அழுதால் உடனே அவிழ்க்கக் கூடாது, நடக்க வேண்டும். முதல் நாட்களில் ஜிஹோ என் பக்கம் கையை நீட்டி அழுவான். நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நிற்பேன். இரண்டாம் வாரக் கடைசியில் அழுகை நின்றது. எட்டிப் பார்த்தேன். மேடம் பால்கனியில் மெதுவாக நடந்துகொண்டிருந்தார். அவன் கன்னத்தை அவர் முதுகில் வைத்துத் தூங்கியிருந்தான். மேடம் என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். நான் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

பிறகு மூன்று நான்கு மாதம்தான். சாரைக் கம்பெனி கொரியாவுக்கே திரும்பக் கூப்பிட்டுக்கொண்டது. கிளம்பும் நாள் மத்தியானம், விமான நிலையத்தில், பிள்ளை மேடத்தின் முதுகில் தூங்கிக்கொண்டிருந்தான். மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் ஏதோ கொரிய மொழியில் சொன்னார். எனக்குப் புரியவில்லை. நான் தலையாட்டினேன். பாதுகாப்புச் சோதனைக்குள் போகும் வரை அவன் விழிக்கவில்லை. விழித்திருந்து என்னைப் பார்த்து அழாமல் போயிருந்தால் அது இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும்.

7

ஏஜென்ட் அக்கா வீட்டில் அன்று தங்கினேன். மலேசியாவிலேயே பிறந்து வளர்ந்த தமிழச்சி அவர். "ஜெலுத்தோங்ல ஒரு சீன வீடு இருக்கு. பெரியவருக்கு பக்கவாதம். ரெண்டு வருஷக் காண்ட்ராக்ட். இல்ல, ஊருக்குப் போறதுனாலும் டிக்கெட் கொரியாக்காரங்க கொடுத்துட்டுப் போயிருக்காங்க. யோசிச்சுச் சொல்லுமா" என்றார்.

ஊருக்குப் போவதற்கு டிக்கெட் கையில் இருந்தது. ஏழு வருடத்தில் இரண்டாவது முறையாக எதையோ தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள்.

மறுநாள் ஜெனியைக் கூப்பிட்டேன்.

"நான் அங்க வந்துரட்டுமா பாப்பா?"

"லீவுக்கா?"

"இல்ல. மொத்தமா."

அவள் திரும்பி வீட்டுக்குள் பார்த்தாள். பிறகு, "இருங்க, அம்மாகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்" என்றாள்.

போனைக் கையில் வைத்துக்கொண்டே ஓடினாள். தரை, படி, அடுப்படி எல்லாம் திரையில் குலுங்கின. "அம்மா, பினாங்கு அம்மா இங்கயே வந்துரட்டுமான்னு கேக்குறாங்க."

அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினார். "வா ஸ்டெல்லா. என்னடி கேள்வி இது, உன் வீடு." சொல்லும்போது அவர் இன்னொரு கையால் ஜெனியைத் தன் இடுப்போடு சேர்த்து அணைத்துக்கொண்டிருந்தார். அவருக்கே அது தெரிந்திருக்காது. ஜெனி அந்தக் கைக்குள் நின்று என்னைப் பார்த்தாள். யாரோ தன்னைக் கூட்டிக்கொண்டு போக வந்திருப்பது மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

"சும்மாதான் அண்ணி கேட்டேன்" என்றேன். "இங்க வேற வீடு கிடைச்சிருக்கு."

ஜெனியின் தோள் தளர்ந்தது. திரையில் நன்றாகவே தெரிந்தது.

ஜெலுத்தோங் பெரியவரின் மகள் என்னைப் பார்க்க வந்தார். நல்ல பெண்ணாகத்தான் தெரிந்தார். மேசையின் ஒரு பக்கம் அவர், எதிரே நானும் அக்காவும். சமைப்பேனா, பெரியவரைத் தூக்கி உட்கார வைக்க முடியுமா என்று கேட்டார். முதுகு பலமா என்று கேட்டார். பலம் என்றேன். பிறகு அக்காவிடம் ஆங்கிலத்தில், சின்னப் பிள்ளை இருக்கிறதா, சின்னப் பிள்ளை இருந்தால் இவர்கள் பாதியில் ஊருக்கு ஓடிவிடுகிறார்களே என்றார்.

எனக்குப் புரியும் என்று தெரிந்தும் அக்கா என்னைப் பார்க்காமல் ஆங்கிலத்திலேயே பதில் சொன்னார்.

"பிள்ளைலாம் பெருசாயிடுச்சு லா. இவங்கள தேடாது."

அந்தப் பெண் திரும்பி, அது சரிதானா என்பது போல் என் முகத்தைப் பார்த்தார்.

ஜெனிக்கு எட்டு வயது நடக்கிறது. அக்கா சொன்னதில் திருத்துவதற்கு எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.